கிரேக்கத் தொன்மங்களில் நிமித்திகர்கள்

கிரேக்கத் தொன்மங்களில் நிமித்திகர்கள் என்போர் பறவைகளின் பறப்பு, பலியிட்ட விலங்கின் உள்ளுறுப்புகள், கனவு, இடி, தெய்வ ஆவேசம் ஆகியவற்றின் வழியே மறைந்திருப்பதை அறிந்து சொல்பவர்கள். டைரீசியஸ், கசாண்ட்ரா, கால்கஸ், ஆம்பியரவுஸ், மெலாம்பஸ் ஆகியோர் இவர்களுள் பெயர் பெற்றவர்கள். ஹோமரின் காப்பியங்கள் தொடங்கி ஏதென்ஸ் நகரின் துன்பியல் நாடகங்கள் வரை, நிமித்திகர் தலைகாட்டாத பெருங்கதை அரிது.

இக்கதைகளைப் புதிதாகப் படிக்கும் மாணவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. விதியை யாராலும் மாற்ற முடியாது. அந்த விதியை முன்கூட்டி அறிவிப்பவரே நிமித்திகர் என்பது அது. ஈடிபஸ் கதைக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். மற்ற கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது நிற்காது. நிமித்திகர் சொன்னபடி நடந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்ற இடம் பல கதைகளில் தெளிவாகவே விடப்பட்டிருக்கிறது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. அல்லது காலங்கடந்து கேட்டார். அல்லது நம்பியும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கிரேக்கக் கவிஞர்கள் எழுதியது நிமித்திகரின் அறிவைப் பற்றி என்பதைவிட, அந்த அறிவின் முன் அதிகாரத்தில் இருப்பவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி என்பதே பொருத்தமாக இருக்கும்.

தொழிலும் கூலியும்

நிமித்திகரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'மான்டிஸ்'. இதைப் பித்து என்ற பொருள் தரும் 'மேனியா' என்ற சொல்லோடு தொடர்புபடுத்தி பிளேட்டோ தம் 'ஃபீட்ரஸ்' நூலில் விளக்குகிறார். ஆனால் பெரும்பாலான நிமித்திகர்கள் ஆவேசம் கொண்டு ஆடியவர்கள் அல்லர். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஒடிசியின் 17ஆம் காண்டத்தில், வெளியூரிலிருந்து வேண்டி அழைத்துவரத் தக்கவர்களாக நால்வர் சொல்லப்படுகின்றனர்: நிமித்திகர், மருத்துவர், தச்சர், பாடகர். மரவேலைக்குத் தச்சரை அழைப்பதுபோல் குறி கேட்க நிமித்திகரை அழைத்தார்கள் என்பதை இப்பட்டியல் காட்டுகிறது.

அவர்களின் முதன்மையான கருவி பறவை. தமிழில் 'புள்' என்ற சொல் பறவையையும் நிமித்தத்தையும் ஒருங்கே குறிப்பதுபோல, கிரேக்கத்திலும் பறவைக்குரிய சொற்களே நிமித்தத்தையும் குறித்தன. எதற்கெடுத்தாலும் 'பறவை' என்று சொல்லும் இந்த வழக்கத்தை அரிஸ்டோபனிஸ், கி.மு. 414இல் அரங்கேறிய 'பறவைகள்' நாடகத்தில் கேலி செய்திருக்கிறார்.

தொழில் என்றால் கூலியும் உண்டு. மெலாம்பஸின் கதை இதை ஒளிக்காமல் சொல்கிறது. அவன் வளர்த்த பாம்புகள் அவன் காதுகளை நக்கியதால் விலங்குகளின் மொழி அவனுக்குப் புரியத் தொடங்கியது என்பது கதை. மாடு கவரப் போய்ச் சிறைப்பட்டிருந்தபோது, உத்தரத்தை அரித்துக்கொண்டிருந்த புழுக்கள், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று பேசிக்கொள்வதைக் கேட்டான். தன்னை வேறு அறைக்கு மாற்றச் சொன்னான். மாற்றிய சிறிது நேரத்தில் கூரை விழுந்தது. பிற்பாடு ஆர்கோஸ் நகரப் பெண்களுக்குப் பித்துப் பிடித்தபோது, அதைத் தீர்க்க ஆட்சியில் பாதியைக் கேட்டான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். மக்கள் மறுத்துப் போனார்கள். பித்து பரவியது. திரும்பி வந்தபோது, தன் சகோதரன் பயஸுக்கும் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று விலையை ஏற்றினான். கொடுத்தார்கள்.

இது தொன்மம். ஆனால் ஹெரோடோட்டஸ் இக்கதையை நினைவுகூர்வது ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் நடுவில். கி.மு. 479இல் பாரசீகரை எதிர்த்து பிளட்டீயாவில் நடந்த போரில் கிரேக்கர் பக்கம் பலி பார்த்தவர் எலிஸ் நாட்டு டிசாமெனஸ். ஸ்பார்ட்டா தன் குடியுரிமையை வெளியாருக்கு லேசில் கொடுக்காத நாடு. அவர் கூலியாகக் கேட்டது அதைத்தான். முதலில் கோபப்பட்ட ஸ்பார்ட்டர்கள் பாரசீகப் படைக்கு அஞ்சி இறங்கி வந்தபோது, தம் சகோதரருக்கும் அது வேண்டும் என்றார். மெலாம்பஸ் பேரம் பேசிய அதே முறை. தொன்ம நிமித்திகரும் வரலாற்று நிமித்திகரும் அக்காலத்தவர் கண்ணில் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

கூலி வாங்கும் மனிதன் சொல்லும் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி இங்கிருந்தே பிறக்கிறது. கிரேக்க இலக்கியம் முழுவதும் அது நிமித்திகரை விடாமல் துரத்துகிறது.

ஹோமரின் நிமித்திகர்கள்

இலியட் ஒரு நிமித்திகரின் அச்சத்தோடு தொடங்குகிறது என்று சொன்னால் தவறில்லை. கிரேக்கப் பாசறையில் கொள்ளைநோய். காரணம் சொல்ல கால்கஸ் எழுகிறார். முன் நடந்தது, இப்போது நடப்பது, இனி நடக்கப்போவது மூன்றையும் அறிந்தவர் என்று ஹோமர் அவரை அறிமுகம் செய்கிறார். அப்படிப்பட்டவர் வாயைத் திறக்கும்முன் செய்யும் முதல் வேலை, தம்மைக் காப்பதாக அக்கிலிஸிடம் உறுதி வாங்கிக்கொள்வது. அரசனின் கோபம் இன்று அடங்கினாலும் நாளை பழிவாங்கும் என்று அவருக்குத் தெரியும். இதை அறிய பறவை பார்க்க வேண்டியதில்லை. அவர் எதிர்பார்த்தபடியே அகமெம்னான் சீறுகிறான். இதுவரை ஒரு நல்ல வார்த்தையாவது சொன்னதுண்டா என்று ஏசுகிறான். ஆனாலும் சொன்னதைச் செய்கிறான். அப்பொல்லோவின் பூசாரியுடைய மகளைத் திருப்பி அனுப்புகிறான், நோய் நிற்கிறது. நிமித்திகரின் சொல் பலித்த இடம் இது, கேட்கப்பட்ட இடமும் இதுவே. பிறகு நேரும் அழிவு, அகமெம்னான் தன் இழப்பை ஈடுகட்ட அக்கிலிஸின் பங்கைப் பறித்ததால் வருகிறது. அதற்கு விதியைக் குறைசொல்ல முடியாது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, கால்கஸிடம் கேட்கப்பட்ட கேள்வி. இனி என்ன நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். நோய்க்குக் காரணம் என்ன, காற்று ஏன் வீசவில்லை, பலி ஏன் எரியவில்லை என்பவையே நிமித்திகரிடம் மிகுதியாக வந்த கேள்விகள். கிரீட் தீவின் எபிமெனிடிஸ் எதிர்காலத்தைக் குறித்துக் குறி சொல்லவில்லை, கடந்தகாலத்தில் தெளிவில்லாமல் கிடந்தவற்றைக் குறித்தே சொன்னார் என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். நிமித்திகரை 'எதிர்காலம் சொல்பவர்' என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

டிராய் பக்கம் நிலைமை வேறு. 12ஆம் காண்டத்தில், கழுகு தூக்கிச் சென்ற பாம்பு அதைத் திருப்பிக் கடிக்க, கழுகு அதைப் படையின் நடுவே போட்டுவிட்டுப் பறக்கிறது. மதிலை உடைத்து உள்ளே போனாலும் பெருஞ்சேதத்தோடு திரும்புவோம் என்று பொலிடமஸ் பொருள் சொல்கிறான். அவன் தொழில்முறை நிமித்திகன் அல்லன். நிமித்திகனும் இதைத்தான் சொல்வான் என்று அவனே சொல்கிறான். பறவை வலப்பக்கம் போனால் என்ன, இடப்பக்கம் போனால் என்ன, நாட்டைக் காக்கும் போருக்கு வேறு நிமித்தம் தேவையில்லை என்ற பொருளில் ஹெக்டர் மறுமொழி சொல்கிறான். கேட்பதற்குக் கம்பீரமான பேச்சு. தனியாகப் பிரித்தெடுத்துப் பலர் புகழ்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் காப்பியம் அதோடு நிற்கவில்லை. 18ஆம் காண்டத்தில் நகருக்குள் பின்வாங்கலாம் என்ற பொலிடமஸின் யோசனையையும் ஹெக்டர் தள்ளுகிறான். 22ஆம் காண்டத்தில் மதிலுக்கு வெளியே தனியாக நிற்கும்போது, உள்ளே போனால் முதலில் பொலிடமஸ் தன்னைக் குறைசொல்வான் என்று கூசுகிறான். அவனை வெளியே நிறுத்தி வைத்திருப்பது ஒரு நல்ல சொல்லைத் தட்டிய வெட்கம். ஹோமர் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

பெர்கோட் நகரத்து மெரோப்ஸின் கதை இதே காப்பியத்தில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நிமித்தம் பார்ப்பதில் யாரையும்விடத் தேர்ந்தவர். தம் இரு மகன்களையும் போருக்குப் போகாதே என்று தடுத்தார். போனார்கள், மாண்டார்கள். மன்னர்கள் மட்டுமல்ல, பெற்ற பிள்ளைகளும் கேட்பதில்லை.

ஒடிசியில் ஏளனம் கூடுகிறது. இத்தாக்காவின் அவையில் இரண்டு கழுகுகள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு பறக்க, ஒடிசியஸ் திரும்பி வருகிறான் என்று முதியவர் ஹாலிதெர்செஸ் எச்சரிக்கிறார். பெனலோப்பியை மணக்க வந்து அவள் வீட்டுச் சொத்தைத் தின்றுகொண்டிருப்பவர்களுள் ஒருவனான யூரிமாக்கஸ், சூரியனுக்குக் கீழே எத்தனையோ பறவைகள் பறக்கின்றன, எல்லாமா நிமித்தம் என்று கேட்கிறான். அத்துடன், டெலிமாக்கஸிடம் பரிசு கிடைக்கும் என்றுதானே பேசுகிறாய் என்றும் குத்துகிறான். முதல் வாதம் நியாயமானதுதான்; எல்லாப் பறவையும் நிமித்தம் ஆகாது. ஆனால் அவன் அந்த வாதத்தோடு நிற்கவில்லை. பரிசுக்காகப் பேசுகிறாய் என்று சொல்லிவிட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் போய்விடுகிறது.

20ஆம் காண்டத்தில் தியோகிளைமெனஸ் விருந்து மண்டபத்தில் இருளையும் சுவரில் குருதியையும் காண்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். இவனுக்கு இங்கே இரவாகத் தெரிகிறதாம், வெளியே கொண்டுபோய் விடுங்கள் என்கிறான் அதே யூரிமாக்கஸ். எனக்குக் கண்ணும் காதும் காலும் இருக்கின்றன, துணை வேண்டாம் என்று சொல்லி அவன் எழுந்து போய்விடுகிறான். அந்த வீட்டில் நடக்கவிருந்த கொலைகளுக்கு முன் வெளியேறியதால் அவன் தன் சொல்லைத் தானே கேட்டவன் ஆகிறான். நிமித்திகர்களில் இது அரிது.

டைரீசியஸ்

டைரீசியஸ் எப்படிக் கண்ணிழந்தார் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. பிணைந்திருந்த பாம்புகளை அடித்ததால் பெண்ணாக மாறி ஏழாண்டு வாழ்ந்து மீண்டும் ஆணானார். ஆண், பெண் இருவரில் காமத்தின் இன்பம் யாருக்கு அதிகம் என்று சீயஸும் ஹீராவும் வழக்கிட்டபோது, இரண்டு வாழ்வையும் அறிந்தவரான அவரிடம் கேட்டார்கள். பெண்ணுக்கே என்றார். ஹீரா கண்ணைப் பறித்தாள். சீயஸ் ஈடாக முன்னறியும் ஆற்றலையும் நீண்ட ஆயுளையும் தந்தார். மற்றொரு கதையை கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கல்லிமாக்கஸ் பாடியிருக்கிறார். அதில் இளைஞரான டைரீசியஸ் தண்ணீர் தேடிப் போய், நீராடிக்கொண்டிருந்த அதீனாவை அறியாமல் பார்த்துவிடுகிறார். இரு கதைகளிலும் அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஒன்றில், கேட்டதற்கு உண்மையான பதில் சொன்னார். மற்றொன்றில் தற்செயலாகக் கண்டார். தண்டனை மட்டும் நிச்சயமாக வந்தது. பிற்காலத்தில் மன்னர்களிடம் அவர் படப்போவதற்கு இது முன்னோட்டம் போல இருக்கிறது.

சோபோகிளிஸின் இரு நாடகங்களில் அவர் வருகிறார். இரண்டையும் ஒன்றாகவே கருதிப் படிப்பது வழக்கம். ஆனால் இரண்டும் எதிரெதிரானவை.

கி.மு. 441ஐ ஒட்டி அரங்கேறியதாகக் கருதப்படும் 'ஆன்டிகனி'யில் அவர் அழைக்காமல் வருகிறார். தீப்ஸ் நகரின் மன்னன் கிரியோன், பொலினீசஸின் உடலைப் புதைக்கக் கூடாது என்று ஆணையிட்டிருக்கிறான். அதை மீறிய ஆன்டிகனியைக் குகையில் உயிரோடு அடைத்துவிட்டான். டைரீசியஸ் கொண்டுவரும் செய்தி கண்ணுக்குத் தெரியும் அருவருப்பான ஒன்று: பறவைகள் வெறிபிடித்து ஒன்றையொன்று கிழிக்கின்றன, பலிபீடத்தில் தீ பற்றவில்லை, கொழுப்பு உருகிப் புகைகிறது, நாய்களும் பறவைகளும் அந்தப் பிணத்தின் தசையைக் கொண்டுவந்து எல்லாப் பீடங்களையும் தீட்டாக்கிவிட்டன. இன்னும் நேரம் இருக்கிறது, விட்டுக்கொடு என்கிறார். கிரியோனின் பதில்: நிமித்திகர் கூட்டமே காசாசை பிடித்தது. பிறகு டைரீசியஸ் கோபத்தில் முழுவதையும் சொல்லிவிட்டுப் போனதும் கிரியோன் நடுங்குகிறான், இறங்குகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தைப் புதை என்று முதியோர் குழு வரிசையாகவே சொல்லிக்கொடுக்கிறது. கிரியோன் முதலில் பிணத்தைப் புதைத்துவிட்டுக் குகைக்குப் போகிறான். அங்கே ஆன்டிகனி தூக்கிட்டு இறந்து கிடக்கிறாள்.

இந்த வரிசை மாற்றத்தை சோபோகிளிஸ் தற்செயலாக எழுதியிருக்க முடியாது. உயிரோடு இருப்பவளுக்கு முன் செத்தவனைக் கவனித்தான் கிரியோன். அந்த இடைவெளியில்தான் மூன்று உயிர்கள் போகின்றன: ஆன்டிகனி, அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கிரியோனின் மகன், அவன் தாய். இதை விதி என்று எழுதிவிட்டுப் போகும் விடைத்தாளுக்கு மதிப்பெண் குறைக்கலாம்.

'ஈடிபஸ் மன்ன'னில் டைரீசியஸ் இருமுறை ஆள் அனுப்பிய பிறகே வருகிறார். வந்தபின்னும் பேச மறுக்கிறார். வீட்டுக்கு அனுப்பிவிடு என்று கெஞ்சாத குறை. ஈடிபஸ் முதலில் நகரைக் காக்க வந்தவராக அவரை வரவேற்கிறான். அவர் மறுக்க மறுக்க அவன் குரல் மாறுகிறது. கொலையில் உனக்கும் பங்கு என்கிறான். அதற்குப் பிறகே உண்மை வெளிவருகிறது. உடனே சதிக் குற்றச்சாட்டு: கிரியோன் உன்னை ஏவினான். அதோடு ஒரு பெருமையும்: ஸ்பிங்க்ஸின் புதிரை அவிழ்த்தது நான், அன்று நீயும் உன் பறவைகளும் எங்கே போயிருந்தீர்கள்?

இந்த நாடகத்தில் மட்டும் நிமித்திகரின் சொல்லைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். தந்தை கொலையுண்டு பல்லாண்டு ஆயிற்று. விதி விளக்கம் இந்த நாடகத்திலிருந்தே எல்லாக் கதைகளுக்கும் பரவியிருக்கிறது. விதிவிலக்கை விதியாக எடுத்துக்கொண்ட பிழை அது. அதோடு, ஈடிபஸ் சொன்னது வெறும் ஆணவமும் அல்ல. புதிரை அவன் அவிழ்த்தது உண்மை. டைரீசியஸ் அப்போது வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை. அவன் கேள்விக்கு நாடகத்தில் பதிலே இல்லை. சோபோகிளிஸ் அதைப் பதிலில்லாமல் விட்டிருப்பது நாடகத்தின் பலங்களில் ஒன்று.

யூரிபிடிஸின் டைரீசியஸ் வேறு மனிதர். 'பாக்கே' நாடகத்தில் மான்தோலைப் போர்த்துக்கொண்டு முதியவர் காட்மஸோடு டயோனிசஸுக்காக ஆடக் கிளம்புகிறார். புதிய தெய்வத்தை ஏற்கச் சொல்லி அவர் பேசும் நீண்ட பேச்சு, சொற்களைத் திருகிப் பொருள் காட்டும் அக்கால வாதத் திறமைக்காரர்களின் பேச்சைப் போலவே இருக்கிறது. புதுத் தெய்வம் வந்தால் உனக்குப் பலிக்கூலி கூடும் என்று மன்னன் பெந்தியஸ் பழைய குற்றச்சாட்டையே எடுத்து வீசும்போது, முந்தைய நாடகங்களில் எழாத ஒரு ஐயம் வாசகருக்கும் எழுகிறது. அவர் சொன்னது உண்மையாகிறது என்றாலும், அதைச் சொன்ன முறையில் பழைய கனம் இல்லை.

உண்மையில் காசு வாங்கியது யார்

ஹாலிதெர்செஸ், டைரீசியஸ் என எல்லாரும் இலஞ்சக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிறார்கள். இந்தக் கதைகள் எதிலும் அது மெய்ப்படவில்லை. மெய்யாகவே இலஞ்சம் கைமாறும் கதையில் வாங்குவது நிமித்திகர் அல்லர்.

ஆர்கோஸ் நகரத்து ஆம்பியரவுஸ் வீரரும் நிமித்திகருமானவர். தீப்ஸ் மீது எழுவர் தலைமையில் படையெடுத்தால் அட்ராஸ்டஸ் தவிர அனைவரும் இறப்பார்கள் என்று அறிந்து வர மறுத்தார். ஆனால் அவருக்கும் அட்ராஸ்டஸுக்கும் கருத்து மாறுபட்டால் தம் மனைவி எரிஃபிலி சொல்வதே முடிவு என்று முன்னமே வாக்குக் கொடுத்திருந்தார். பொலினீசஸ் ஹார்மோனியாவின் கழுத்தணியை எரிஃபிலிக்குக் கொடுத்தான். அவள் போகச் சொன்னாள். பழிவாங்கும்படி மகன்களிடம் சொல்லிவிட்டு, சாவு தெரிந்தே தேரேறினார்.

கி.மு. 467இல் அரங்கேறிய 'தீப்ஸுக்கு எதிராக எழுவர்' நாடகத்தில் எஸ்கிலஸ், மற்ற தலைவர்களின் கேடயங்களில் இருக்கும் மிரட்டும் சித்திரங்களை ஒவ்வொன்றாக வருணிக்கிறார். ஆம்பியரவுஸின் கேடயம் வெறுமையாக இருக்கிறது. சிறந்தவனாகத் தோன்றுவதைவிடச் சிறந்தவனாக இருக்க விரும்புகிறவர் என்று தூதன் விளக்குகிறான். நாடகத்தின் நீண்ட கேடய வருணனையில் நினைவில் தங்குவது எதுவும் வரையப்படாத இந்த ஒன்றே. எதிரியான எட்டியோக்ளிஸும் தீயோரோடு ஒரே கப்பலில் ஏறிய நல்லவர் என்ற பொருளில் அவருக்காக வருந்துகிறான்.

கதைப்படி சீயஸின் இடி நிலத்தைப் பிளக்க, அவர் தேரோடு உள்ளே மறைந்தார். அட்டிக்காவுக்கும் பியோஷியாவுக்கும் இடைப்பட்ட ஒரோபஸில் அவருக்குக் கோயில் எழுந்தது. நோயாளிகள் ஆட்டுக்கடாவைப் பலியிட்டு, அதன் தோலின் மேல் படுத்து, கனவில் தீர்வு பெற்றதாக பயணநூல் எழுதிய பௌசானியஸ் பதிவு செய்கிறார். உயிரோடிருந்தபோது ஒருவரும் கேட்காத மனிதரிடம் இறந்தபின் வரிசையில் நின்று கேட்டார்கள்.

கசாண்ட்ரா

ஹோமரின் கசாண்ட்ரா குறி சொல்வதில்லை. பிரியாமின் அழகான மகள், அவ்வளவுதான். இலியடின் இறுதிக் காண்டத்தில் ஹெக்டரின் உடல் வருவதை முதலில் பார்த்து ஊரைக் கூவி அழைப்பவள் அவள். பிற்காலக் கவிஞர்கள் எல்லாவற்றையும் முன்பே காணும் பெண்ணாக அவளை வளர்த்ததற்கு அந்தக் காட்சியும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம்.

அவள் கதையின் சுருக்கம் எல்லாரும் அறிந்தது. அப்பொல்லோ அவளை விரும்பி முன்னறியும் ஆற்றலைத் தந்தான். அவள் இணங்குவதாகச் சொல்லிப் பின் மறுத்தாள். அவள் சொல்லை யாரும் நம்பாதபடி அவன் சபித்தான். இந்தச் சுருக்கத்தோடு எஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தை, அதாவது கி.மு. 458இல் முதற்பரிசு பெற்ற முத்தொடரின் முதல் நாடகத்தைத் திறப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது.

அகமெம்னான் வெற்றியோடு திரும்பும் தேரில் கசாண்ட்ராவும் அடிமையாக வருகிறாள். கிளைடெம்னெஸ்ட்ரா உள்ளே வா என்கிறாள். பதில் இல்லை. குருவியின் பேச்சைப் போல வேற்றுமொழி மட்டுமே தெரிந்தவளோ என்று எரிச்சலோடு கேட்டுவிட்டு அரசி போய்விடுகிறாள். அதன்பின் மௌனம் உடைகிறது. அப்பொல்லோவின் பெயரைச் சொல்லி அலறுகிறாள். அவன் பெயரிலேயே 'அழிப்பவன்' என்ற பொருளைக் கேட்கிறாள். அந்த வீட்டில் முன்பு வெட்டிச் சமைக்கப்பட்ட குழந்தைகளைக் காண்கிறாள். குளியல் தொட்டி, வலை, வெட்டு என்று இனி நடக்கப்போவதையும் காண்கிறாள்.

முதியோர் குழு அவளை நம்பாமல் இல்லை. கடல் தாண்டிப் பிறந்தவள் இந்த வீட்டின் பழைய கொலைகளை இருந்து பார்த்தவள்போலச் சொல்வதை வியக்கிறார்கள். சாபத்தை அவள் சொல்லும்போது, எங்களுக்கு நீ நம்பத் தகுந்தவளாகவே தெரிகிறாய் என்ற பொருளில் பதிலும் தருகிறார்கள். யாரும் நம்பவில்லை என்ற பொதுக் கருத்துக்கு நாடகத்தின் வாசகமே எதிராக நிற்கிறது. அவர்களால் முடியாதது வேறு. கடந்த காலத்தைச் சொன்னால் புரிகிறது. எதிர்காலத்தைச் சொன்னால் தடம் தெரியவில்லை என்கிறார்கள். கடைசியில் அவள் உருவகத்தை எல்லாம் விட்டுவிட்டு, அகமெம்னானின் சாவைக் காண்பீர்கள் என்று பெயரைச் சொல்லியே உடைக்கிறாள். வாயை மூடு என்கிறார்கள். சற்று நேரத்தில், அதைச் செய்யப்போகும் ஆண் யார் என்று கேட்கிறார்கள். கொல்லப்போவது பெண் என்பதை அவள் அதுவரை எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்!

உள்ளே போகுமுன் நிமித்திகரின் கோலையும் கழுத்து மாலையையும் கழற்றி எறிகிறாள். வாயிலில் குருதி நாற்றம் என்று பின்வாங்குகிறாள். அது பலியின் வாசனை என்று சமாதானம் சொல்கிறார்கள். அவள் காப்பாற்றும்படி கேட்கவில்லை. தான் சொன்னது மெய் என்று பின்னாளில் சாட்சி சொல்லும்படி மட்டும் கேட்கிறாள். பிறகு உள்ளிருந்து அகமெம்னானின் அலறல். முதியோர் பன்னிருவரும் ஆளுக்கு இரண்டு வரியாக ஆலோசனை சொல்கிறார்கள். ஒருவர் ஊரைக் கூட்டலாம் என்கிறார். ஒருவர் உடனே உள்ளே பாயலாம் என்கிறார். ஒருவர், அலறலை மட்டும் வைத்து இறந்துவிட்டான் என்று முடிவு கட்டலாமா என்கிறார். கதவு திறக்கும்போது இரண்டு பிணங்கள்.

அந்தப் பன்னிரண்டு பேச்சுகளை நாடகக் குறையாகக் கருதியவர்கள் உண்டு. அவற்றை நீக்கிப் பார்த்தால் கசாண்ட்ராவின் காட்சி தன் முடிவை இழந்துவிடும். நம்பியவர்களும் எழுந்து போகவில்லை என்பதை மேடையில் கண்முன் காட்டும் பகுதி அதுவே. மேலும், இவளுக்கு எதிராகக் காசு வாங்கியவள் என்று யாரும் சொல்ல முடியாது. கூலியும் இல்லை, மன்னரின் ஆதரவும் இல்லை, நாடும் இல்லை. நிமித்திகரைத் தள்ளிவிட ஆண்டவர்கள் வழக்கமாகக் கையாளும் சாக்குகள் அத்தனையும் பறிபோன நிலையில் எஸ்கிலஸ் அவளை நிறுத்தியிருக்கிறார்.

கி.மு. 415இல் யூரிபிடிஸ் 'டிராய்ப் பெண்கள்' நாடகத்தில் அவளை மீண்டும் கொண்டுவந்தார். கையில் தீப்பந்தத்தோடு தன் திருமணப் பாட்டைத் தானே பாடிக்கொண்டு வருகிறாள். வென்ற கிரேக்கரைவிடத் தோற்ற டிராய் மக்களே பேறுபெற்றவர்கள் என்று வாதிடுகிறாள். உணர்ச்சிமிக்க காட்சிதான். ஆனால் அவள் பைத்தியம் என்று தூதன் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடிகிறது. எஸ்கிலஸின் முதியோருக்கு அந்த எளிய வழி கிடைக்கவில்லை.

கேட்டதால் வந்த கேடு

நிமித்திகர் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டால் நன்மை என்றும் கிரேக்கர்கள் எழுதவில்லை. ஆலிஸ் துறைமுகத்தில் காற்று இல்லாமல் கப்பல்கள் நின்றபோது, அகமெம்னானின் மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுக்க வேண்டும் என்றார் கால்கஸ். நல்ல வார்த்தையே சொல்லாதவர் என்று இலியடில் அவரை ஏசும் அதே அகமெம்னான், எஸ்கிலஸின் நாடகத்தில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நிமித்திகரைக் குறைசொல்லாமல் தலையசைக்கிறான். படையெடுப்புக்கு உதவும் சொல் என்றால் கேட்கிறார்கள் என்ற கசப்பு அந்த வரியில் இருக்கிறது.

ஏதென்ஸ் மக்கள் இதை நாடகத்தில் மட்டும் பார்க்கவில்லை. கி.மு. 413இல் சிசிலியில் சிக்கிய ஏதென்ஸ் படை புறப்படத் தயாரான வேளையில் சந்திர கிரகணம் வந்தது. நிமித்திகர்கள் மும்மடங்கு ஒன்பது நாள், அதாவது 27 நாள் பொறுக்கச் சொன்னார்கள். தளபதி நிசியாஸ் ஏற்றார். இத்தகைய விஷயங்களில் அவருக்கு அளவு மீறிய பற்று என்று துசிடிடிஸ் எழுதுகிறார். படை அழிந்தது. செய்தி வந்தபோது ஏதென்ஸ் மக்கள், படையெடுப்பை ஆதரித்துப் பேசியவர்கள் மீதும், வெற்றி கிடைக்கும் என்று நம்பிக்கை ஊட்டிய குறிசொல்லிகள், நிமித்திகர்கள் மீதும் சீறினார்கள். தாங்களே அதற்கு வாக்களிக்காதவர்கள் போல என்று துசிடிடிஸ் இடையில் ஒரு சொல் சேர்த்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு, கி.மு. 412இல், யூரிபிடிஸின் 'ஹெலன்' அரங்கேறியது. அதில் டிராய்க்குப் போனது ஹெலன் அல்ல, மேகத்தால் செய்த உருவம். உண்மை தெரிந்த முதிய பணியாள் பொருமுகிறான்: ஒரு மேகத்துக்காக நண்பர்கள் செத்துக்கொண்டிருந்தபோது கால்கஸ் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? டிராய் பக்கத்து ஹெலனஸ் ஏன் சொல்லவில்லை? நிமித்தம் பார்ப்பதெல்லாம் பொய் என்று முடிக்கிறான். சிசிலியில் மகனையோ சகோதரனையோ இழந்துவிட்டு அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கால்கஸைப் பற்றிய பேச்சாக மட்டும் கேட்டிருக்காது.

ஆனால் அதே நாடகத்தில் யூரிபிடிஸ் இன்னொரு நிமித்திகரையும் வைத்திருக்கிறார். எகிப்து மன்னனின் சகோதரி தியோனோ. எல்லாம் அறிந்தவள். ஹெலனின் கணவன் மெனலாஸ் கரை ஒதுங்கி ஒளிந்திருப்பதும் அவளுக்குத் தெரியும். ஹெலனை மணக்கத் துடிக்கும் தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கதை முடிந்துவிடும். அவள் பறவை பார்க்கவில்லை, பலி பார்க்கவில்லை. இருவர் வேண்டுகோளையும் கேட்டு, இறந்த தன் தந்தை ஹெலனை அடைக்கலமாக ஏற்றவர் என்பதை நினைத்து, நியாயம் எதுவோ அதன்படி மௌனமாக இருக்க முடிவு செய்கிறாள். இருவரும் கப்பலேறித் தப்புகிறார்கள். விஷயம் தெரிந்த மன்னன் தங்கையைக் கொல்லப் பாய்கிறான். வானில் காஸ்டரும் பாலிடியூசிஸும் தோன்றித் தடுக்கிறார்கள்.